எடைக்கு என்ன அவசரம்?

கேள்வி: டாலஸுக்கு வடக்கே வசிக்கிறோம். மகனுக்கு 16 வயது, பதினோராம் வகுப்பு. ஆறடி நான்கு அங்குல உயரம், 245 பவுண்டு எடை. பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் டேக்கிளாக ஆடுகிறான். இந்தப் பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டு, வருகிற ஆகஸ்டுக்குள் 290 பவுண்டுக்கு வந்தால் பெரிய கல்லூரிகள் பார்க்கும், பிறகு தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கூட எட்டாத தூரமில்லை என்றார். ஒரு நாளைக்கு 6000 கலோரி என்று சாப்பாட்டுப் பட்டியலும் கொடுத்தார். கணவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. தலையில் அடிபட்டு மூளை கெட்டுப்போகும் என்று படிக்கிறேன். அவன் பந்தைத் தொடுவதுகூட இல்லை. எதிரே நிற்பவனோடு முட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான். இது ஒரு தொழிலா, டாக்டர்? விட்டுவிடச் சொல்லட்டுமா? என் அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார், கணவருக்குச் சர்க்கரை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஆட்டத்தை விடச் சொல்ல வேண்டாம். அந்த 6000 கலோரிப் பட்டியலை மட்டும் இன்றே மடித்து வைத்துவிடுங்கள்.

டெக்சாஸில் விளையாட்டு மருத்துவம் பார்க்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. ஆகஸ்டு கடைசியிலிருந்து நவம்பர் வரை என் வெள்ளிக்கிழமை இரவுகள் ஏதாவதொரு பள்ளி மைதானத்தின் ஓரத்தில்தான் கழியும். ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் லைனில் நிற்பவர்கள். ஆகவே 'முட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான்' என்று நீங்கள் எழுதியதை முதலில் மறுக்க அனுமதியுங்கள். அவன் செய்வது என்னவென்று தெரியாமல் அவனோடு நீங்கள் பேசத் தொடங்கினால், பேச்சு முதல் வாக்கியத்திலேயே முறிந்துவிடும்.

பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைதான் லைன், அதில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு கோடியிலும் டேக்கிள்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வலது கைக்காரராக இருந்தால், எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருபவனை அவரால் பார்க்க முடியாது. 1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மன் மீது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில் தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அவர் அதன்பின் ஆடவே இல்லை. தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. பார்க்க முடியாத அந்தப் பக்கத்தைக் காப்பவன்தான் லெஃப்ட் டேக்கிள். உங்கள் மகன் நிற்கும் இடம் அது.

அடுத்த முறை அவன் கால்களை மட்டும் பாருங்கள். பந்து அசைந்த கணத்தில் வலதுகால் தரையை உந்த, இடதுகால் பின்னோக்கிச் சறுக்கும். மறுபடி உந்தல், மறுபடி சறுக்கல். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, இடுப்பு நிமிரக் கூடாது. எதிரி ஓட்டமாக வருகிறான், இவனோ பின்னால் நகர்ந்தபடி அவனைத் தடுத்தாக வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, உள்ளங்கைகள் இரண்டும் எதிரியின் மார்பின் நடுவில் போய் விழ வேண்டும். கை கொஞ்சம் வெளியே போய்ச் சட்டையை இழுத்துவிட்டால் குற்றம், அணி பத்து கஜம் பின்னால் போகும். இவ்வளவும் மூன்று வினாடிக்குள். தன் பெயரில் ஓட்டமோ புள்ளியோ சேராத வேலை. பெரும்பாலும் ஒலிபெருக்கியில் அவன் எண் கேட்பது அவன் தவறு செய்தால்தான். 16 வயதில் இப்படியொரு வேலையை ஒருவன் விரும்பி ஏற்கிறான் என்றால், அவன் குணத்தைப் பற்றி அது எனக்கு நல்லதொன்றைச் சொல்கிறது.

இனித் தொழில் கணக்கு. நாட்டில் சுமார் பத்து லட்சம் பிள்ளைகள் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். கல்லூரி அணிக்குப் போவது நூறில் ஏழு பேர் அளவு. கல்லூரியில் ஆடுபவர்களில் என்.எஃப்.எல். வரை போவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 32 அணிகள், அணிக்கு 53 பேர், அதில் லைன்காரர்கள் எட்டு முதல் பத்து. ஆக இந்தத் தொழிலில் மொத்தம் முந்நூறு நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் அங்கே நுழையவும் முடியாது. நுழைந்தவர்களின் சராசரி ஆட்டக்காலம் வீரர்கள் சங்கக் கணக்குப்படி சுமார் 3.3 ஆண்டுகள். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று பருவங்கள் தேவை, பலர் அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் அனுப்பப்பட்டுவிடுகிறார்கள்.

பணம் உண்டு, மறைக்கவில்லை. 2025-இல் புதிதாக வரும் வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். டெட்ராய்ட் அணியின் டேக்கிள் பெனே சூவல் 2024-இல் நான்கு ஆண்டுகளுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். உங்கள் கணவரின் கண்ணில் படுவது அந்த எண்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் உறுதியான தொகை அல்ல. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முன்கூட்டியே உறுதிசெய்த பகுதி போக மீதி, அணி வீரரை விலக்கிவிட்டால் கைக்கு வராது.

பயிற்சியாளர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இந்தக் கனவு அல்ல. அந்த 290 பவுண்டு.

லேன் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். இதே டெக்சாஸில் க்ரோவ்டன் என்ற சிற்றூரின் பள்ளியில் ஆடியவர். அங்கே அவர் டேக்கிள் அல்ல, குவார்ட்டர்பேக். கில்கோர் கல்லூரியிலும் அப்படியே. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் இடம் மாறி மாறி, உடம்பு நிறைந்து, கடைசியில் டேக்கிள் ஆனார். புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013-இல், நான்காவது ஆளாக பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது. அதே அணியில் 13 பருவங்கள் சென்டராக ஆடி 2024-இல் ஓய்வுபெற்ற ஜேசன் கெல்ஸி, சின்சினாட்டி பல்கலைக்கழக அணிக்குள் உதவித்தொகைகூட இல்லாமல் நுழைந்தவர். லைனுக்கு வந்ததே அங்கேதான். 2011-இல் ஆறாவது சுற்றில், 191-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அதே அணியில் லெஃப்ட் டேக்கிளாக நிற்கும் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலிய ரக்பி வீரர். 2018-இல் எடுக்கப்படும்வரை அவர் ஒரு ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை.

மூவருக்கும் முதலில் இருந்தது வேகமான கால்கள். ஜான்சனுக்கும் கெல்ஸிக்கும் எடை பின்னால், கல்லூரியில்தான் வந்தது. கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆறடி நான்கு அங்குல உயரத்தில், கால் வேகத்தோடு, 255 பவுண்டில் ஒரு பையன் நின்றால் மீதியை அவர்களால் சேர்க்க முடியும். சேர்க்க முடியாதது வேகம். அவசரமாகக் கொழுப்பை ஏற்றினால் முதலில் போவதும் அதுதான்.

கணக்கு போடுவோம். ஆகஸ்டுக்கு ஏறக்குறைய 35 வாரம் இருக்கிறது. 45 பவுண்டு என்றால் வாரத்துக்கு ஒன்றேகால் பவுண்டுக்கு மேல். வளரும் பிள்ளைக்கு வாரம் அரை பவுண்டிலிருந்து ஒரு பவுண்டு வரை கூடினால் அதில் தசைக்கு இடமுண்டு. அதற்கு மேல் போவதில் பெரும்பகுதி வயிற்றைச் சுற்றித்தான் சேரும்.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் கடைசி வரி வருகிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலேயே நின்றுவிட்டேன். தாத்தா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார், அப்பாவுக்குச் சர்க்கரை. நம் தெற்காசிய உடம்புகளில் சர்க்கரையும் இதயநோயும் மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே வந்துவிடுகின்றன. ஆறடி நான்கு அங்குலத்தில் 290 பவுண்டு என்றால் உடல் எடைக் குறியீடு 35. அணியில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஓரளவு பொறுக்கும் எடை, உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொறுக்காமல் போகலாம். பயிற்சியாளருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பட்டியலைத்தான் அவர் அச்சடித்து வைத்திருப்பார்.

லைன்காரர்களுக்கு இதயம் சார்ந்த ஆபத்து கூடுதல் என்பது புதுச் செய்தியல்ல. 1994-இலேயே அமெரிக்க அரசின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனம், முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களில் லைனில் ஆடியவர்களுக்கு இதயநோய் மரணம் பொதுமக்களைவிட அதிகம் என்று பதிவு செய்தது. கல்லூரியில் முதல் ஆண்டு லைன் வீரர்களை அளந்து பார்த்தபோது, ஒரே பருவத்தில் ரத்த அழுத்தம் ஏறியதும் இதயச் சுவர் தடித்ததும் தெரிந்தது. அவர்கள் 18, 19 வயதுப் பிள்ளைகள்.

ஏற்றிய எடையை இறக்குவது தனிப் போராட்டம். கிளீவ்லாந்து அணியின் ஜோ தாமஸ் 2007 முதல் 2017 வரை தன் அணி பந்தை நகர்த்திய 10,363 முறையும், ஒரு முறைகூடத் தவறாமல், களத்தில் நின்றவர். கையின் ட்ரைசெப்ஸ் தசை கிழிந்த அன்றுதான் வெளியே வந்தார். அந்த எடையைத் தக்கவைக்கப் பசியில்லாமலே சாப்பிட்டதைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகு ஐம்பது பவுண்டுக்கு மேல் குறைத்து, பார்த்தால் வேறு ஆள்போல இருக்கிறார். அவரால் முடிந்தது, எல்லோராலும் முடிவதில்லை. என்னிடம் வரும் ஒருவர் கல்லூரியில் கார்டாக ஆடியவர், இப்போது வயது 34. என்.எஃப்.எல். பக்கம் போனதே இல்லை. ஒருநாள் என் அறையில் மாத்திரைப் புட்டியைத் திறக்க முயன்றார். வலக்கை விரல்கள் மூன்று கணுவில் கோணிப்போய் மூடி பிடிபடவில்லை. இடக்கையால் திறந்தார். அந்தப் புட்டியில் இருந்தது ரத்த அழுத்த மாத்திரை. விரல் வலியைவிட அவருக்குக் கடினமாக இருப்பது சாப்பாட்டை நிறுத்துவது. தட்டு காலியாகும்வரை எழக்கூடாது என்று 15 வயதில் பழக்கிய உடம்பு அது.

தலையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பயம் நியாயமானது. பிட்ஸ்பர்க் அணிக்குப் பல ஆண்டுகள் சென்டராக ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-இல், 50 வயதில், நினைவும் வாழ்க்கையும் குலைந்த நிலையில் இறந்தார். மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையைப் பரிசோதித்து, சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவைக் கண்டார். ஒரு என்.எஃப்.எல். வீரரிடம் அந்நோயைக் காட்டிய முதல் கட்டுரை அதன்பின் 2005-இல் வெளிவந்தது. வெப்ஸ்டரும் லைன்காரர்தான். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளையை ஆராய்ந்து 110-இல் அந்நோயைக் கண்டார்கள். இதைப் படித்துத்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். ஆனால் அந்த மூளைகளைத் தானம் தந்த குடும்பங்களில் பல ஏற்கெனவே அறிகுறிகளைக் கண்டு கலங்கியிருந்தவை. ஆடியவர்களில் 99 சதவீதம் பேருக்கு வரும் என்று அதற்குப் பொருளில்லை.

நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: கேடு பெரிய அடியில் மட்டும் இல்லை, எண்ணிக்கையிலும் இருக்கிறது. லைன்காரன் மயங்கி விழுவது குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் ஒரு சிறு மோதல். அதே ஆய்வுக் குழு 2019-இல், ஆடிய ஆண்டுகள் கூடக்கூட அந்நோய்க்கான சாத்தியமும் கூடுவதைக் காட்டியது. எனவே மோதல்களைக் குறைப்பதுதான் கையில் இருக்கும் வழி. டெக்சாஸ் பள்ளிகளில் முழு மோதலோடு பயிற்சி ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு 90 நிமிடம்தான் என்று விதி இருக்கிறது. அவன் அணியில் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றே களத்தை விட்டு வெளியேற்ற வேண்டும், மருத்துவர் எழுதித் தராமல் திரும்பக் கூடாது என்பது 2011 முதல் இந்த மாநிலச் சட்டம். பிள்ளைகள் மறைப்பார்கள். தலைவலி என்று சொன்னால் இடம் போய்விடும் என்று பயப்படுவார்கள். ஆட்டம் முடிந்த இரவு அவன் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறானா, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறானா என்று பார்ப்பதில் அம்மாவுக்கு நிகராக யாரும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வெயில். 2001 ஆகஸ்டு 1 அன்று மினசோட்டா அணியின் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர், 27 வயதில், முந்தைய நாள் பயிற்சி முகாமில் உடல் வெப்பம் ஏறி விழுந்ததில் இறந்தார். கனத்த உடம்பு சூட்டை வெளியேற்ற நேரம் எடுக்கும். அதனால் இந்த ஆபத்தில் முதலில் சிக்குவது லைனில் நிற்பவர்கள். ஆகஸ்டுப் பயிற்சியின் முதல் நாள் மைதானத்துக்குப் போய், பனிக்கட்டித் தண்ணீர் நிரப்பிய தொட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பையன் தள்ளாடினால் முதலில் அதில் முக்கிக் குளிர்விக்க வேண்டும், அதன்பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். தொட்டி இல்லையென்றால் அன்று அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

படிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நம் வீடுகளில் இது அபூர்வம்! ஒருவேளை ஆட்டத்தில் இறங்கியபோதே அது போயிற்று என்று நினைத்துவிட்டீர்களோ? பால்டிமோர் அணியில் கார்டாக ஆடிய ஜான் அர்ஷெல், அந்த 2017 ஆய்வு வெளிவந்த இரண்டாம் நாள், 26 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே எம்.ஐ.டி.யில் கணித முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், இன்று அங்கேயே பேராசிரியர். கான்சாஸ் சிட்டி அணியில் கார்டாக ஆடிய லோரன் டுவெர்னே-டார்டிஃப் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தவர். 2020 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார், கொரோனா வந்ததும் கியூபெக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போனார், அடுத்த பருவத்தையும் விட்டுவிட்டார். இவர்களைப்போல் எல்லோரும் ஆக முடியாது. ஆனால் லைனில் ஆடுவதற்குப் படிக்கும் மூளை வேண்டும். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து நொடியில் திட்டத்தை மாற்றும் வேலை அது.

ஆகவே உங்கள் கணவரிடம் என்.எஃப்.எல். பற்றி வாதாட வேண்டாம். இந்த ஆட்டம் எந்தக் கல்லூரியின் கதவைத் திறக்கும் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை, ஆனால் பயிற்சியாளர் விரும்பும் வீரனுக்குச் சேர்க்கையில் அது பெரிய துணை. எம்.ஐ.டி.க்கும் ஒரு ஃபுட்பால் அணி உண்டு, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. முதல் பிரிவுக்குப் போக 16 அடிப்படைப் பாடங்களில் தேவையான மதிப்பெண் இருக்க வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் இந்த மாதமே அதைச் சரிபார்த்துவிடுங்கள். ஐவி லீக், எம்.ஐ.டி. போன்ற இடங்களில் 255 பவுண்டு டேக்கிளுக்கும் இடமிருக்கிறது.

பயிற்சியாளரிடம் போகும்போது மூவரும் சேர்ந்தே போங்கள். எதிர்த்துப் பேச வேண்டாம். வீட்டில் இதயநோயும் சர்க்கரையும் இருக்கின்றன, மருத்துவர் ஆகஸ்டுக்கு 260 என்று எல்லை வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். நான் வைத்ததாகவே சொல்லலாம். நான் பார்த்த பயிற்சியாளர்கள் பெரும்பாலோர் மருத்துவர் எழுதிய தாளுக்கு மரியாதை கொடுப்பவர்கள். கொடுக்காதவர் என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சாப்பாட்டில் சோற்றையும் குளிர்பானத்தையும் கூட்ட வேண்டாம். முட்டை, தயிர், பருப்பு, சுண்டல், சாப்பிடுவான் என்றால் கோழியும் மீனும். ஒரே வேளையில் குவிக்காமல் நாள் முழுக்கப் பகிர்ந்து கொடுங்கள். தட்டில் மிச்சம் வைத்தால் வைக்கட்டும். மாதம் ஒருமுறை எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள். எடை கூடி இடுப்பு அப்படியே இருந்தால் அவன் சரியாக வளர்கிறான். இரண்டும் சேர்ந்து கூடினால் நிறுத்துங்கள். அவன் அறை வாசலில் ஓர் இரவு நின்று கேளுங்கள். குறட்டை நடுவில் நின்று, மூச்சு அடைபட்டுத் திணறித் திரும்ப வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவின் வயதை மறக்காமல் சொல்லுங்கள், அதைக் கேட்டால் இதயத்தின் எக்கோ ஸ்கேனையும் அவர் யோசிப்பார். சர்க்கரைச் சராசரி 5.7-ஐத் தொட்டிருந்தால் எடை கூட்டும் பேச்சே வேண்டாம், 245-இலேயே நிற்கட்டும். முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கடிதத்தைத் தம்பியையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அவனிடம் நான் கேட்க வேண்டியது சில இருக்கிறது.